கடகத்தின் கடைசிப் பாட்டு

குத்திக்காட்டிக் கவிதை எழுதுகிறவர்கள் குத்தை முதல் பாட்டிலேயே வைத்துவிடுவது நல்லது. கடைசிப் பாட்டுக்கென்று ஒளித்து வைத்தால் எனக்கு நடந்ததுதான் நடக்கும். பெண்ணுரிமைக்காக நான் எழுதிய முதல் கவிதை எனக்கு ஒரு மாப்பிள்ளையைக் கொண்டுவந்துவிட்டது.

அப்போதுதான் பல்கலைக்கழகத்துக்கு, எங்கள் பேச்சில் கம்பஸுக்கு, எடுபட்டிருந்தேன். (கூடவே தலைக்கனமும் ஏறியிருந்தது.) உடுவிலில் எங்கள் கோயில் திருவிழாவுக்குக் கவியரங்கம் வைத்தார்கள். தலைப்பு 'புராணப் பெண்கள்'. நாலு ஆண் கவிஞர்கள், ஒப்புக்கு நான். நான் எடுத்தது நளாயினியை. தொழுநோய்க்காரப் புருஷன் தாசி வீட்டுக்குப் போக ஆசைப்பட்டபோது, அவரைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து போனாளே, அவள்தான். கூடை என்றால் எங்கள் பக்கத்தில் பனையோலைக் கடகம். கவிதையிலும் கடகம் என்றே போட்டேன்.

முதல் நாலு பாட்டிலும் முகத்தில் சிரிப்பே காட்டாமல் அவளை வானளாவப் புகழ்வது, சனம் தலையாட்டிக்கொண்டிருக்கும்போது ஐந்தாம் பாட்டில் ஒரே போடாகப் போடுவது, இதுதான் திட்டம்.

எனக்கும் ஒருநாள் நோய்வரும் அல்லவோ?
என்னைச் சுமக்கவும் கடகம் உண்டோ?
தனக்கென வாழ்ந்த தலைவன் அன்று
தலையைக் கொடுப்பானோ, சொல்லும் ஐயா!

இதைக் கேட்டதும் யாழ்ப்பாணமே திருந்திவிடும் என்று மனதார நம்பினேன்.

போரால் மின்சாரம் இல்லாத காலம். ஒலிபெருக்கி கார் பற்றரியில் ஓடியது. பாட்டுப் பிடித்துவிட்டால் "இன்னொருக்கால்!" என்று கேட்பது எங்கள் சனத்தின் பழக்கம். என் முதல் பாட்டுக்கே கேட்டார்கள். பூரித்துப்போய்த் திருப்பிச் சொன்னேன். இரண்டாவதுக்கும் கேட்டார்கள், மூன்றாவதுக்கும் கேட்டார்கள். நாலாவதில் நளாயினியின் கழுத்து நோவைச் சொன்னபோது முன்வரிசையில் ஒரு அம்மா சேலைத்தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அதையும் இரண்டு தரம் சொல்லிவிட்டு ஐந்தாவதுக்கு வாயைத் திறக்கிறேன், தலைவர் மணியை அடித்துவிட்டார்.

"பிள்ளை, காணும். பற்றரி இறங்குது, பூசைக்கும் நேரமாச்சு."

"ஐயா, இன்னும் ஒரு பாட்டு இருக்கு. அதுதான் முக்கியம்."

"இதுவே திறம். உம்மைப்போலப் பிள்ளையள்தான் எங்கடை சமயத்தைக் காக்கவேணும்."

கைதட்டல் அடங்கவே இல்லை. சமத்துவம் கேட்க மேடை ஏறியவள், அடக்கமான பெண் என்ற பட்டத்தோடு இறங்கினேன்.

கண்ணைத் துடைத்த அம்மா அச்சுவேலிக்காரர். மகனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்தவர். மறுகிழமையே ஆள் அனுப்பிவிட்டார்.

"சீதனமும் வேண்டாமாம்," என்றார் அப்பா. "உன்ரை பாட்டே காணுமாம்."

"அப்பா, அது நக்கல் பாட்டு!"

"எல்லாத்தையும் இரண்டு தரம் சொன்னனி. ஒருதரும் சிரிக்கேல்லையே?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "குண்டு விழுற நாளிலை உன்னைக் கம்பஸுக்கு அனுப்பிப்போட்டு நான் என்னெண்டு வீட்டிலை இருக்கிறது, பிள்ளை?"

அவருடைய பயத்தோடு எனக்குச் சண்டை போடத் தெரியவில்லை. என் படிப்பு என் வாயாலேயே போகப்போகிறது என்று அழுதேன்.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், கிளாக்கர். என்னைத் தேவாரம் பாடச் சொல்வார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மாவோ, "பிள்ளை, அந்தப் பாட்டை ஒருக்கால் சொல்லுங்கோ," என்றார்.

எங்கள் வீட்டில் மணி இல்லை. நாலையும் சொன்னேன். ஐந்தாவதைத் தொடங்கியதும் மணிக்குப் பதிலாக அப்பா இருமிப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை.

சொல்லி முடித்தேன். மாப்பிள்ளையின் வாயில் பயத்தம் பணியாரம் அப்படியே நின்றது. அந்த அம்மா என்னைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"தம்பி, பிள்ளை உன்னைத்தான் கேக்கிறா."

அவர் தண்ணீர் குடித்துப் பணியாரத்தை இறக்கினார். "கடகம் எனக்குச் சரிவராது, கழுத்து நொந்துபோம். சைக்கிள் கரியரிலை ஏத்தலாம்."

துரத்துவதற்கென்றே பாடியவள் சிரித்துத் தொலைத்தேன். சிரித்த சூட்டோடு, படித்து முடித்த பிறகுதான் எதுவும் என்றேன்.

"படிக்கட்டும்," என்றார் அந்த அம்மா. "முக்கியமான பாட்டை விட்டிட்டு மேடையாலை இறங்கின பிள்ளைக்கு இன்னும் படிப்புக் காணாது."

அப்பாவும் தலையாட்டினார். நான் கம்பஸுக்குப் போனேன்.

படிப்பு முடிந்து, அவரையே கட்டி, அச்சுவேலிக்குக் குடிபோன அதே வருடம்தான், ஆமி முன்னேறி வருகிறதென்று வலிகாமத்துச் சனம் முழுவதும் மழைக்குள்ளால் தென்மராட்சிக்கு நடந்தது. எனக்கு நெருப்புக் காய்ச்சல், எழும்பி நிற்கவே ஏலவில்லை. கணவர் சொன்ன சொல் மாறாமல் என்னைச் சைக்கிள் கரியரில் இருத்தி, சனத்துக்குள்ளால் உருட்டிக்கொண்டு போனார். அவ்வளவு பயத்துக்குள்ளும் எனக்கு ஒரு பெருமை. என் கவிதை பலித்துவிட்டது!

அப்போதுதான் பக்கத்தில் பார்த்தேன். சட்டிபானையும் அரிசியும் அடைத்த பனையோலைக் கடகம் மாமியின் தலையில், அன்று என் பாட்டுக்குக் கண்ணைத் துடைத்த அதே அம்மாவின் தலையில், இருந்தது. கழுத்து நடுங்க நடுங்க நடந்துகொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அதுவரை கவனிக்கவே இல்லை. வெட்கத்தில் என் காய்ச்சல் இன்னும் ஏறியது.

"மாமி, அதை இறக்கி சைக்கிளிலை கொழுவுங்கோ."

"சைக்கிளிலை இடமெங்கை? நீ இருக்கிறாய்." மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். "இதுக்கும் ஒரு பாட்டு வைச்சிருக்கிறியோ, இல்லாட்டி அதுக்கு முதலே மணி அடிச்சிட்டினமோ?"

மாமி இன்று இல்லை. பெண்ணுரிமைக் கூட்டங்களில் நான் பேசிவிட்டு வீட்டுக்கு வந்தால், இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த என் மகள் கதவைத் திறந்தபடியே கேட்பாள்: "கடகம் ஆரின்ரை தலையிலை, அம்மா?"

எல்லாரும் சிரிப்போம். சிரித்துக்கொண்டே நான் அடுப்படியை ஒருதரம் எட்டிப் பார்ப்பேன், அங்கே யார் தனியே நிற்கிறார்கள் என்று.