நெய்வேலியிலிருந்து ஆரம்பிப்பவர்

நம்மிடையே ஓர் இனம் உலவுகிறது. பார்த்தால் தெரியாது; கேள்வி கேட்டால்தான் தெரியும். ‘மணி என்ன?’ என்று கேட்டுப் பாருங்கள். சாதாரண மனிதர் மணியைச் சொல்வார். இவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “முதல்ல அடிப்படையப் புரிஞ்சுக்கணும்” என்பார். பூமி சுற்ற ஆரம்பிக்கும். உங்கள் பஸ் போய்விடும்.

கடலூர் முதுநகரில் இருக்கும் பாண்டியன், என் மனைவியின் தம்பி, இந்த இனத்துக்கு இலக்கணமே வகுத்திருக்கிறான்: “ஃபேன் சுத்தலன்னு சொன்னா, சுவிட்சப் போடுங்கன்னு சொல்லணும் மாமா. நீங்க நெய்வேலில நிலக்கரி தோண்டுறதுலேர்ந்து ஆரம்பிக்கிறீங்க.”

ஆம், அந்த மாமா நான்தான். பி.எஸ்சி. இயற்பியல். வேலை என்னவோ பத்திரப்பதிவு அலுவலகத்தில்தான். ஆனாலும் படித்த படிப்பு சும்மா இருக்குமா?

எங்கள் இனத்தவர் சட்டைப்பையில் பேனா இருக்கும், காகிதம் இருக்காது. ஆகவே கல்யாணப் பத்திரிகையின் முதுகில், மருந்துச் சீட்டின் ஓரத்தில், கிடைத்த இடத்திலெல்லாம் வரைவோம். ஒருமுறை சிதம்பரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறுமிக்காக இலையில் சாம்பாரால் மின்சுற்று இழுத்து, அப்பளத்தை பேட்டரியாகவும் வடையை பல்பாகவும் வைத்து, மின்னோட்டம் ரசத்தைத் தாண்டும் கட்டத்தில் நான் இருந்தபோது, எதிர் இலைக்காரர் கேட்டார்: “சார், பல்ப சாப்புடுவீங்களா, எடுத்துக்கவா?”

“குழந்தைக்குப் புரியுற மாதிரி சொல்றேன்” என்று நாங்கள் தொடங்கினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுங்கள். “கரண்டுங்கிறது குழாய்த் தண்ணி மாதிரி” என்போம். குழந்தை தலையாட்டும். விடுவோமா? “ஆனா உண்மையில தண்ணி மாதிரி இல்ல” என்போம்.

என் மகள் மோனிகா நான்காம் வகுப்பு. போன ஆடியில் அவள் அம்மா கனிமொழி தவறிய பிறகு பள்ளியில் அவள் வாய் திறப்பதில்லை. வருகைப் பதிவின்போது கையை மட்டும் தூக்குவாளாம். அப்படிப்பட்டவள் அறிவியல் கண்காட்சிக்கு, காந்தம் வைப்பதாகத் தானாகவே பெயர் கொடுத்திருந்தாள். டீச்சர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “வர்றவங்ககிட்ட அவ ரெண்டு வார்த்த பேசுனாப் போதும் சார். வேற எதுவும் வேணாம்.”

நான் என்ன புரிந்துகொண்டேன்? அந்த இரண்டு வார்த்தைக்கான அடிப்படை வேண்டும் என்று புரிந்துகொண்டேன். ‘அனைவருக்கும் வணக்கம், அணு என்பது’ என்று தொடங்கி ஓர் உரை எழுதினேன். மோனிகா அதைப் பார்த்தாள். இருந்த கொஞ்சநஞ்சப் பேச்சும் நின்றது.

சனிக்கிழமை அவளோடு முதுநகர் போய், பாண்டியனிடம் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றை வாங்கிக்கொண்டு, மூவரும் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனோம். அங்கே மணலில் கறுப்பாக இரும்புப் பொடி கலந்திருக்கும். காந்தத்தை விட்டுத் துழாவினால் ஒட்டிக்கொண்டு வரும். வட துருவம், தென் துருவம் என்று பேசிக்கொண்டே நான் காந்தத்தை மணலில் நுழைத்தேன். எடுத்தால் கையில் முள்ளம்பன்றி! ஊதினேன். தட்டினேன். சட்டை நுனியால் துடைத்தேன். ஒரு முள்கூட உதிரவில்லை.

“ஷேவிங் செட் எடுத்தாரவா மாமா?” என்றான் பாண்டியன்.

“பால் கவருக்குள்ள போட்டுட்டு எடுக்கணும்பா” என்றது ஒரு சின்னக் குரல். “பொடி கவர் மேலதான் ஒட்டும். காந்தத்த வெளிய எடுத்தா எல்லாம் கொட்டிடும். அம்மா அப்புடித்தான் எடுப்பாங்க.”

ஆடிக்குப் பிறகு அவள் இவ்வளவு பேசியதில்லை. ஒரு மனிதன் அப்போது என்ன செய்ய வேண்டும்? வாயை மூடிக்கொண்டு கடலைப் பார்க்க வேண்டும். நான் என்ன செய்தேன்?

“அது ஏன்னா கண்ணு, தூரம் கூடக்கூட காந்த விசை...”

அவள் வாய் மூடிக்கொண்டது. பாண்டியன் சிரிக்கவில்லை, என் காலை ஓங்கி மிதித்தான்.

திங்கட்கிழமை கண்காட்சி. அட்டைமேல் கறுப்புப் பொடி, அடியில் காந்தம், பின்னால் மோனிகா, அவளுக்கும் பின்னால் உதவிக்கு நான். முதலில் வந்த அம்மாள் குனிந்து, “இது என்னாடி கண்ணு?” என்று கேட்டார். மோனிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். என் வாய் ஏற்கெனவே பாதி திறந்திருந்தது.

“அப்பா, நீங்க போயி டீ குடிச்சிட்டு வாங்க.”

போனேன். டீக்கடைக்கு அல்ல, ஜன்னலுக்கு வெளியே. அவள் காந்தத்தை அட்டைக்கு அடியில் மெல்ல நகர்த்தினாள். பொடி எழுந்து நடந்தது. “காந்தம் இரும்ப மட்டுந்தான் இழுக்கும்” என்றாள். “இது கடல் மண்ணுலேர்ந்து எடுத்தது. எங்கம்மா சொல்லிக்குடுத்தாங்க.”

“அப்புறம்?” என்றார் அந்த அம்மாள். மோனிகா சொல்லிக்கொண்டே போனாள்.

இரும்பு மட்டுமா? இன்னும் இரண்டு உலோகங்களின் பெயர்கள் என் தொண்டைவரை வந்துவிட்டன. இரு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விழுங்கினேன்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அந்த இரண்டு பெயர்களையும் நான் இங்கே எழுதவில்லை. கவனித்தீர்களா? குழந்தை ‘மட்டுந்தான்’ என்றதுமே அவை உங்கள் உதட்டுக்கு வந்துவிட்டன என்றால், வெட்கப்படாமல் இப்படி வாருங்கள். ஜன்னலில் இன்னும் இரண்டு கம்பி காலியாக இருக்கிறது.