கையிருப்பில் பன்னிரண்டு ஓய்வு நாள்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் சமர்ப்பிக்கும் விளக்கம். இங்கு எல்லோரும் நலம். எல்லோரும் என்பதில் என் இடது காலைச் சேர்க்கவில்லை. அங்கு நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள், அத்தானின் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன்.

"போன்ல நீ பொய் சொல்றே. நடந்ததை நடந்தபடி மூணு நாளைக்குள்ள எழுதி அனுப்பு, படிச்சிட்டுத்தான் உன்கிட்ட பேசுவேன்" என்று வெள்ளிக்கிழமை சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாய். இன்று திங்கள். கெடு முடிவதற்குள் எழுதுகிறேன் என்பதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். இருபத்தொன்பது வருடமாக விடுப்புப் பிரிவில் உட்கார்ந்து மற்றவர்களின் விளக்கக் கடிதங்களை வாங்கிப் படித்து, ஓரத்தில் பச்சை மையால் 'ஏற்கத்தக்கதல்ல' என்று எழுதியவன் நான். என்னிடம் ஒருவர் விளக்கம் கேட்பது இதுவே முதல் தடவை. எழுத உட்கார்ந்தால் உள்ளங்கை வியர்க்கும் என்று அத்தனை பேரில் ஒருவர்கூட எனக்குச் சொன்னதில்லை.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். ஊரில் நடக்கப்போகும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மகள் தனக்கும் எனக்கும் சேர்த்துப் பெயர் கொடுத்திருக்கிறாள். அதற்காகவே ரயிலேறி வருகிறாள். நான் அவளுக்கு வைத்திருக்கும் பழைய பாக்கி அப்படி. மூன்றாம் வகுப்பில் அவள் பள்ளி நாடகத்தில் மரமாக வேடம் போட்டு நின்ற மாலையில் நான் வருட இறுதி விடுப்புப் பட்டியலைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பட்டம் வாங்கிய அன்று ஆபீசில் தணிக்கை. முதல் வேலைக்குக் கிளம்பிய அன்று ஸ்டேஷனுக்குப் போனேன், ஆனால் ரயில் போன பிறகு போனேன். இத்தனைக்கும் பிறகு அவள் கேட்டது இவ்வளவுதான்: "அப்பா, ஒரு ஞாயித்துக்கிழமை. காலையில ஒரு மணி நேரம். இதுக்கு நீங்க லீவுகூடப் போட வேண்டாம்." சரி என்றேன். அன்று இரவு சாப்பாட்டில் என் மனைவி எனக்கு இரண்டாவது தடவை கேட்காமலே பரிமாறினாள்.

முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் அடுத்தவர் கால்களை நடக்கவைத்தவள் நீ என்பதால் உன்னிடம் கேட்டேன். நீயும் எட்டு வாரத் திட்டம் ஒன்றைக் கோடு போட்டு எழுதி அனுப்பினாய். செவ்வாய், வியாழன், சனி ஓட வேண்டும். அதுவும் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. மற்ற நான்கு நாளும் 'ஓய்வு' என்று சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு. நான் அதைப் பீரோக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தேன். இன்னும் ஒட்டியபடியேதான் இருக்கிறது. திட்டத்தை நான் அவமதித்ததாக யாரும் சொல்ல முடியாது.

முதல் செவ்வாய் ஓடினேன். புதன் ஓய்வு. இங்கேதான் அக்கா எல்லாம் ஆரம்பித்தது. காலையில் எழுந்து, ஷூ மாட்டி, சோபாவில் உட்கார்ந்தேன். இருபத்தொன்பது வருடத்தில் ஒரு நாளும் காரணமில்லாமல் உட்கார்ந்ததில்லை. எதிர்ச்சுவரில் மணி ஐந்து ஐம்பது. ஐந்து ஐம்பத்தொன்று. என் மனைவி காப்பியுடன் வந்தவள் என் காலைப் பார்த்தாள்.

"எங்க போறீங்க?"

"எங்கயும் போகல. ரெஸ்ட் எடுக்கறேன்."

"பார்த்தா பஸ்ஸுக்குக் காத்திருக்கற மாதிரி இருக்கு."

சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று பூங்காவுக்குப் போனேன். அங்கே ஒருவர் இருக்கிறார், எல்லோரும் அவரைக் கேப்டன் என்பார்கள். அவர் கப்பலையும் ஓட்டியதில்லை, எந்த அணிக்கும் தலைமை தாங்கியதில்லை. கழுத்தில் ஒரு விசில் தொங்குகிறது, அவ்வளவுதான். பதினோரு வருடமாக ஒரு நாள் விடாமல் பத்துச் சுற்று ஓடுகிறவர் என்று அவரே சொல்லி அனைவருக்கும் தெரியும். என்னிடம் அவர், "ரெஸ்ட்டா? மெஷினை நிறுத்தினா துரு ஏறிடும் சார். நான் ரெஸ்ட் எடுத்து எவனாவது பார்த்திருக்கானா, கேளுங்க" என்றார். பக்கத்தில் நின்ற டாக்டரும் தலையாட்டினார். அவர் பல் டாக்டர் என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்கு ஒரு யோசனை உதித்தது. ஓய்வு நாள் என்பது என்ன? அதிகாரம் உள்ளவர் எழுத்து மூலம் அனுமதித்த விடுப்பு. எடுக்காத விடுப்பு எங்கே போகிறது? எங்கேயும் போவதில்லை, கணக்கில் சேர்கிறது. பிறகு தேவைப்படும்போது மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். இந்த விதியை நான் ஆயிரம் பேருக்கு விளக்கியிருக்கிறேன், எனக்கு நானே விளக்கிக்கொள்ள எவ்வளவு நேரமாகும்? வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டைக் கட்டம் போட்டுத் திறந்தேன்: 'ஓய்வு, வரவு, எடுத்தது, இருப்பு.' வியாழனிலிருந்து தினமும் ஓடினேன். தினமும் மாலை கையெழுத்திட்டேன். எட்டாவது வாரத்தில் ஓட்டம் முடிந்ததும் எல்லா ஓய்வையும் சேர்த்து எடுப்பதாகத் திட்டம். அப்போது படுத்தால் ஒரு மாதம் எழுந்திருக்கவே வேண்டாம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

இரண்டாம் வாரம், இடது காலில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் உள்ஓரமாக ஒரு வலி. ஓட ஆரம்பித்த ஐந்தாவது நிமிடம் போய்விடும். மூன்றாம் வாரம் அது போகவில்லை, என்னோடு சேர்ந்து ஓடியது. கேப்டன் ஷூவை மாற்றச் சொன்னார், மாற்றினேன். பல் டாக்டர் பின்னோக்கி ஓடச் சொன்னார், ஓடினேன், குப்பைத்தொட்டியில் போய் உட்கார்ந்தேன். டீக்கடைக்காரர் மட்டும், "ரெண்டு நாள் சும்மா இருங்க சார், சரியாயிடும்" என்றார். மருத்துவம் தெரியாதவர் என்று விட்டுவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ போன் செய்தாய். "இன்னிக்கு ஓடலையே?" என்று கேட்டாய். "இல்லக்கா." "ஏன்டா மூச்சு வாங்குது?" "மாடிப்படி ஏறி வந்தேன்." நாங்கள் தரைத்தளத்தில் இருப்பது உனக்குத் தெரியும் என்பது சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. இதற்கு என்னிடம் விளக்கமில்லை. மன்னிப்பு மட்டும் இருக்கிறது.

ஆபீசில் படிகளை நண்டு மாதிரிப் பக்கவாட்டில் இறங்கத் தொடங்கினேன். எங்கள் பிரிவு டைப்பிஸ்ட் அம்மா சென்ற வருடம் முழங்கால் வலி என்று விடுப்பு கேட்டபோது, 'எந்தக் கால் எனக் குறிப்பிடவும்' என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பியவன் நான். அவர் படிக்குக் கீழே நின்று நான் இறங்கி முடிக்கும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது திட்டியிருந்தால் பரவாயில்லை.

நான்காம் வாரம் வியாழன், தொடர்ந்து இருபத்திரண்டாவது நாள். மூன்றாவது சுற்றில், வாட்டர் டேங்க் திருப்பத்தில், எலும்புக்குள் யாரோ திருப்புளி வைத்துத் திருகியதுபோல் இருந்தது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. தோட்டக்காரர் புல் அள்ளும் தள்ளுவண்டியைக் கொண்டுவந்தார். "ஒதுங்கி உக்காருங்க சார், களைக்கொத்தி இருக்கு" என்று என்னை ஏற்றி, கேட்டுக்குக் குறுக்கு வழி என்று பம்ப் அறைக்குப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனார். அந்தப் பின்பக்கம் நான் ஒரு நாளும் போனதில்லை. அங்கே ஒரு பெஞ்ச். பெஞ்சில் கேப்டன். ஷூவைக் கழற்றி, காலை ஒரு கல்மேல் தூக்கிவைத்து, தலைக்குக் கீழே துண்டை மடித்து, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பிளாஸ்க்.

தள்ளுவண்டியில் நான், பெஞ்சில் அவர்.

"இது ஒரு வகை ஸ்ட்ரெச்சிங் சார்" என்றார் கேப்டன்.

"வாரத்துல நாலு நாள் இங்கதான் ஸ்ட்ரெச்சிங் பண்ணுவாரு" என்றார் தோட்டக்காரர், வண்டியை நிறுத்தாமலே.

எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "கீறல் விழல. ஆனா விழறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கீங்க. நடுவுல ரெஸ்ட் எடுத்தீங்களா?" என்று கேட்டார். "பன்னிரண்டு நாள் இருப்பு இருக்கு டாக்டர்" என்றேன்.

"எங்க இருக்கு?"

"நோட்டுல."

"உங்க காலுக்குப் படிக்கத் தெரியாதே" என்றார் அவர். பிறகு நிதானமாக, "ஓடறப்ப கால் பலமாகறதில்ல சார், தேயுது. நீங்க சும்மா இருக்கற அன்னிக்குத்தான் அது தன்னைச் சரிபண்ணிக்குது. அன்னிக்கும் ஓடினா எப்ப சரிபண்ணும்? அன்னன்னிக்கு எடுக்காத ரெஸ்ட் அன்னன்னிக்கே போச்சு" என்று சொல்லி, நாலு வாரம் ஓடக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார். நீ சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டதும் இதற்காகத்தான் என்று அப்போது புரிந்தது.

மகளுக்கு அவள் அம்மாதான் போனில் சொன்னாள். பிறகு என்னிடம் கொடுத்தாள். நான் எல்லாவற்றையும் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பரவாயில்லப்பா. பழகிடுச்சு" என்றாள். அதற்குப் பிறகு எனக்கு டாக்டர் கொடுத்த மாத்திரை வேலை செய்யவில்லை.

வெள்ளிக்கிழமை, பணியில் சேர்ந்த பிறகு முதன்முறையாக, மருத்துவ விடுப்பு கேட்டு விண்ணப்பம் அனுப்பினேன். நான் இல்லாததால் டைப்பிஸ்ட் அம்மாதான் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். சனிக்கிழமை விண்ணப்பம் திரும்பி வந்தது. ஓரத்தில், பச்சை மையில்: 'எந்தக் கால் எனக் குறிப்பிடவும்.'

ஆகவே அக்கா, என் பணிவான கோரிக்கை இதுதான். டாக்டர் விதித்தது இருபத்தெட்டு நாள். என் கையிருப்பு பன்னிரண்டு. கழித்தால் பதினாறு. இன்றோடு நான்கு நாள் முடிந்தது. இன்னும் பன்னிரண்டே நாள் படுத்திருந்தால் கணக்கு நேராகிவிடும். ஓட்டத்துக்கு அதன் பிறகும் இரண்டு வாரம் இருக்கும். 'ஓடறதுன்னா அத்தை சரின்னு சொன்னாதான்' என்று மகள் நேற்று சொல்லியிருப்பதால், நீ ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளை இன்னொரு தடவை ஸ்டேஷனில் தனியாக நிற்கவைக்க எனக்கு மனமில்லை.

என் மனைவி தன் விசாரிப்பைச் சொல்லச் சொல்கிறாள். அத்தானுக்கு என் வணக்கம். உன் வாயால் திட்டு வாங்கினாலும் ஆசியாகவே எடுத்துக்கொள்வேன்.

உன் கீழ்ப்படிந்த தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் என் மனைவி இக்கடிதத்தை எடுத்து மகளுக்குப் போனில் முழுவதும் வாசித்துவிட்டாள். கேப்டன் வந்த இடத்தில் மகள் சிரித்தது எனக்கும் கேட்டது. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "அப்பா, அந்தப் பன்னிரண்டு நாளைக் கால் கணக்குல கழிக்க முடியாது. அதை எனக்கு மாத்திக் குடுங்க. நான் பன்னிரண்டு நாள் லீவு போட்டு முன்னாடியே வர்றேன். நீங்களும் லீவு போட்டு வீட்டுல என்கூட சும்மா இருங்க. ஓட்டத்தன்னிக்கு நடந்தே போவோம், கடைசியா வந்தா என்ன?" என்றாள். இப்படி மாற்றித் தர விதியில் இடமில்லை. இருந்தும் தந்துவிட்டேன். நோட்டில் இருப்பு என்ற கட்டத்தில் பூஜ்யம் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. எனவே மேலே கேட்ட அனுமதி தேவையில்லை. கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன்.

மேலும் ஒன்று: இன்று காலையிலிருந்து கால் வலி சுத்தமாக இல்லை. நாளை செவ்வாய்க்கிழமை. உன் தாளில் செவ்வாய்க்கு நேரே 'ஓட்டம்' என்றுதான் இருக்கிறது. சும்மா, தகவலுக்காக.