எல்லைக்குள் ஒரு கட்டில்

அல்மாட்டியில் அந்தப் பேர்பெற்ற பள்ளியைச் சூழ்ந்துள்ள கட்டடங்களில், யாரும் எழுதி வைக்காமலே எல்லோரும் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு: இரவில் யார் எங்கே உறங்குகிறார்கள் என்பதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. பதிவில் இருக்கும் முகவரியே வீடு. மற்றதெல்லாம் வெறும் படுக்கை.

மக்பாலும் இவ்விதிக்குக் கட்டுப்பட்டவளே. அவள் மெய்யாகவே குடியிருந்தது சந்தைக்கு எதிரே. பள்ளி பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் எல்லைக்கு ஒரே ஒரு தெரு கீழே. மகள் இங்காருக்கு முதல் வகுப்பில் இடம் கிடைக்கவேண்டுமே என்று, கணவனின் ஒன்றுவிட்ட அக்கா ஷோல்பானின் ஒற்றையறை வீட்டில் தன்னையும் மகளையும் குடியிருப்பவர்களாகப் பதிந்திருந்தாள். பள்ளியிலிருந்து ஆசிரியை ஒருவர் இன்று அந்த வீட்டுக்கு நேரில் வருகிறாராம். ஆகவே மகள் பின்தொடர, அவளது கட்டிலைச் சுமந்துகொண்டு மூச்சிரைக்க மாடியேறிக்கொண்டிருந்தாள்.

ஷோல்பான் கதவைத் திறந்தாள். "நீயும் கட்டிலா? உள்ள பாரு."

உள்ளே ஏற்கெனவே இரண்டு சிறு கட்டில்கள். ஷோல்பானின் கணவர் வழி உறவான பிபிகுல், தன் இரு மகன்களின் சட்டைகளை அலமாரியில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இவங்களையுமா பதிஞ்சீங்க?"

"சொந்தம்னு வந்து நின்னா முடியாதுன்னு சொல்ல வாய் வருமா? உனக்கு முடியாதுன்னு சொன்னேனா?"

மக்பால் தன் கட்டிலைப் பிபிகுலின் கட்டில்மேல் ஏற்றினாள். அது சன்னலை அடைத்தது, அறை இருண்டது. ஷோல்பான் டீ போட அடுக்களைக்குப் போயிருந்தாள். விளக்கைப் போடலாமென்றால், சுவிட்ச் எங்கே என்பது இரு குடியிருப்பாளர்களுக்குமே தெரியவில்லை. அவர்கள் சுவரைத் தடவிக்கொண்டிருக்கையில் அழைப்பு மணி அடித்தது.

ஆசிரியை ரௌஷான் வாசலிலேயே தொடங்கினார். "ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு..."

"டீ குடிக்காம என்ன விஷயம்? உக்காருங்க டீச்சர்!" என்றாள் ஷோல்பான். விருந்தினருக்குரிய இடத்தைக் கட்டில்கள் விழுங்கிவிட்டதால், முழங்கால் முகவாயைத் தொட, ஆசிரியை எஞ்சிய குழந்தைக் கட்டிலில் அமர்ந்தார்.

பதற்றத்தில் மக்பால் கோப்பையை விளிம்புவரை நிரப்பி நீட்டினாள். ஆசிரியையின் புருவம் உயர்ந்தது.

"அடிப்பாவி!" ஷோல்பான் காதோரம் சீறினாள். "நிறைய ஊத்துனா, குடிச்சிட்டுக் கிளம்புன்னு அர்த்தம்! கொஞ்சமா ஊத்து!"

மக்பால் கொஞ்சமாக ஊற்றினாள். ஒரே மிடறில் தீர்ந்தது, மீண்டும் ஊற்றினாள். ஆசிரியை வாய் திறக்கும்போதெல்லாம் அடுத்த கோப்பை வந்து நின்றது.

இங்கார் சிணுங்கினாள். "அம்மா, நம்ம வீட்டுக்கு எப்பப் போவோம்?"

"இதுதான்டி கண்ணு நம்ம வீடு!"

"அப்ப சந்தைக்கு எதிர்ல இருக்கிறது?"

"அது யார் வீடோ! அந்தப் பக்கமே எனக்குத் தெரியாது டீச்சர். விடிய விடிய லாரிச் சத்தம். அங்க மனுஷங்க குடியிருப்பாங்களா?"

மக்பால் மாட்டினால் தானும் மாட்டவேண்டியதுதான் என்றுணர்ந்த பிபிகுல் முந்திக்கொண்டாள். "சத்தியமா இங்கதான் இருக்காங்க டீச்சர். இந்த மக்பால் அக்கா விடுற குறட்டையில எம் பசங்களுக்குத் தூக்கமே இல்ல!"

"இவ பசங்க தூக்கத்துல உதைக்கிற உதையைக் கேளுங்க!" என்று மக்பாலும் நன்றிக்கடன் தீர்த்தாள்.

ஆசிரியை கோப்பையின் வாயை உள்ளங்கையால் மூடினார். இனி ஊற்ற வழியில்லை.

"நான் விசாரிக்க வரலம்மா. யாரு எங்க படுத்தா எனக்கென்ன? இந்த வருஷம் எல்லையை மாத்திட்டாங்க. இந்தத் தெரு, மேல்பக்கம் இருக்கிற இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போயிடுச்சு. பதிலுக்குச் சந்தைக்கு எதிர்ல இருக்கிற கட்டடங்களை எங்களுக்குக் குடுத்திருக்காங்க. இங்க குடியிருக்கிறவங்ககிட்ட நேர்ல சொல்லிடலாமேன்னு வந்தேன். பாவம், எவ்வளவு நெருக்கடியில வாழுறீங்க!"

பிபிகுலின் வாயில் ரொட்டி அப்படியே நின்றது.

மக்பால் எழுந்தாள். ஒரு கையில் மகளையும் மறு கையில் ஆசிரியையின் பையையும் பற்றிக்கொண்டு, மாடிப்படி முழுவதும் கேட்கும்படி கூவினாள்:

"நான் இந்த வீட்ல ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்ல டீச்சர்! வாங்க, சந்தைக்கு எதிர்லதான் என் வீடு. அங்க போய் டீ குடிப்போம்!"