அப்பளக் கடை விலாசமும் திரும்பிப்போன மெயிலும்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

குந்தாப்புராவிலிருந்து வாதிராஜ ஹொள்ள வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழை ஓய்ந்தது, எல்லோரும் சுகம். அக்காவின் முழங்கால் இப்போது படியேற விடுகிறதா? என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள். நேற்றுப் போனில், "உடுபர் வீட்டுக்கு நானே போய் சமாதானம் சொல்றேன், என்ன நடந்ததுன்னு விவரமா எழுது" என்றீர்கள். எழுதுகிறேன். நம் பெண் பிரதிமாவுக்கு நீங்கள் பார்த்துக் கொடுத்த சிவமொக்கா சம்பந்தத்தை நான்தான் கெடுத்தேன்.

என் வீட்டுக்காரி ஜலஜாக்ஷி போடும் பலாக்காய் அப்பளத்துக்கு மங்களூர் வரை கிராக்கி வந்ததால் ஒரு வெப்சைட் வேண்டும் என்றாள். பிரதிமா அதைச் செய்து கொடுத்தாள், டொமைன் பெயரை நான் வாங்கினேன், அந்தப் பெயரைத் தட்டினால் எந்தக் கம்ப்யூட்டருக்குப் போகவேண்டும் என்று டி.என்.எஸ். என்ற இடத்தில் எழுதி வைக்க வேண்டுமாம். பெயர் விற்ற கம்பெனிப் பெண், "ஒண்ணுமில்ல சார், பேருக்கு எதிர்ல நம்பர். விலாசம் எழுதற மாதிரிதான்" என்றாள். போஸ்ட்மாஸ்டராக ரிட்டையரானவனுக்கு விலாசம் எழுதச் சொல்லித் தருகிறாளே என்று சிரித்துக்கொண்டே எழுதினேன். ஓர் எண் மாறிவிட்டது. மறுநாள் மங்களூர் வாடிக்கைக்காரி ஒருத்தி, "அக்கா, உங்க கடையைத் திறந்தா எருமைக்கு ஊசி போடறாங்க, அப்பளம் எங்கே?" என்று போன் செய்தாள். அது எந்த ஊர் மாட்டு ஆஸ்பத்திரியோ! உடனே எண்ணைத் திருத்தினேன், எருமை அசையவில்லை. பழைய விலாசத்தை எல்லாக் கம்ப்யூட்டரும் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும், காத்திருக்க வேண்டும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? "ஏங்க, நீங்க எதையும் தொடாம இருந்தாலே சரியாயிடும்" என்றாள் ஜலஜாக்ஷி. நான் தொட்டேன். அழித்தேன், எழுதினேன், மறுபடி அழித்தேன். ஒருவழியாக எருமை போய் அப்பளம் வந்தது.

ஆனால் நம் வீட்டு மெயிலும் அதே பெயரில்தான் வருகிறது. அது எந்தப் பெட்டியில் விழவேண்டும் என்று அங்கேயே ஒரு வரி உண்டு, அந்த வரியைக் காணோம். அந்த நேரம் பார்த்துத்தான் பெண் பார்க்க என்றைக்கு வரலாம் என்று பையனின் அப்பா சதாசிவ உடுபர் மெயில் போட்டிருக்கிறார். அது திரும்பிப் போயிற்று. போனில் கொதித்தார். "பொண்ணு குடுக்க இஷ்டமில்லைன்னா வாயால சொல்லலாமே ஹொள்ளரே! இப்படி ஒரு விலாசமே இல்லைன்னு திருப்பி அனுப்பினா என்ன அர்த்தம்?"

"அது டி.என்.எஸ். பண்ணின வேலை சார்" என்றேன்.

"அது யாரு, உங்க வக்கீலா?" என்று போனை வைத்துவிட்டார்.

அத்தான், பையன் நல்ல வேலை, நல்ல குடும்பம். அவமானப்படுத்தும் எண்ணம் துளியும் இல்லை, குற்றமெல்லாம் இந்த அவசரக்காரன் விரலுடையது என்று நீங்கள்தான் அவருக்குப் புரியவைக்க வேண்டும். என் சார்பில் மன்னிப்புக் கேளுங்கள். குழந்தைகளுக்கு ஆசிகள். ஒரு கட்டு அப்பளம் தனியே அனுப்புகிறேன்.

பணிவுடன்,
வாதிராஜ

பின்குறிப்பு: கம்ப்யூட்டர் விஷயம் சரியாக இருக்கிறதா என்று பிரதிமாவிடம் இதைப் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்பா, மெயில் வரியை நீங்க அழிக்கல. நான்தான் எடுத்தேன்" என்றாள். ஏனம்மா என்றேன். "அந்தப் பையன் போன்ல கேட்ட முதல் கேள்வியே, வேலையை எப்போ விடுவேன்னுதான். எனக்கு வேண்டாம்னு உங்ககிட்ட வந்து சொன்னேன்பா. 'இரும்மா, முதல்ல எருமை போகட்டும்'னீங்க."

சொன்னேன்தான். இப்போது உட்கார்ந்து முழுக்கக் கேட்டேன். பிறகு அவளே அந்த வரியைத் திரும்ப எழுதினாள், மெயில் வருகிறது. ஆகவே அத்தான், உடுபர் வீட்டுக்குப் போகவேண்டாம். இதற்குள் போய் வந்திருந்தால், சிரமம் பார்க்காமல் இன்னொரு நடை போய் என் மன்னிப்பைத் திரும்ப வாங்கி வந்துவிடுங்கள்.