காயம் ஆறிய ஆண்டவர்

அழகு என்றால் என்ன என்று உலகம் ஆயிரக்கணக்கான வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சிக்கலை முதலியார்பேட்டையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டீ ஆறுவதற்குள் தீர்த்துவைத்த பெருமை திருவாளர் சகாயநாதன் ஒருவரையே சாரும். அவர் நம் பங்குக் கோயிலின் ‘ஆலய அழகுபடுத்தும் குழு’த் தலைவர். கடவுள்தான் முழுமையான அழகு. ஆகவே கோயிலுக்குள் அழகில்லாத எதுவும் கடவுளுக்கு விரோதம். இவ்வளவுதான் அவருடைய தத்துவம். இதை வைத்துத்தான் மாதா தலைக்குப் பின்னால் கலர் மாறும் எல்.இ.டி. வந்தது, வாடுகிற பூக்கள் போய் வாடாத பிளாஸ்டிக் பூக்கள் வந்தன.

மிச்சமிருந்தது மரித்த ஆண்டவர் சுரூபம், பழைய மரச்சிலை. வருஷம் முழுக்க கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும். பெரிய வெள்ளியன்று மட்டும் வெளியே எடுப்பார்கள். ஜனங்கள் வரிசையில் வந்து, குனிந்து, கால் காயத்திலும் கைக் காயத்திலும் வாய் வைத்து முத்தி செய்வார்கள். தலைமுறை தலைமுறையாக வாய் பட்டதில் காயத்தைச் சுற்றி வர்ணம் போய் மரம் தெரிந்தது. ரத்தம் கறுத்துப்போயிருந்தது. இந்த வருஷம் சடங்கு யூடியூபில் நேரலை வேறு. கல்லைத் தூக்கித் தலையில் போட்ட மாதிரி ஆகிவிட்டது சகாயநாதனுக்கு.

குழு கூடியது. பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் செயலாளர் ஜூலியன், ‘த்ரே ஜோலி’ ஆக்கிவிடலாம், அதாவது ரொம்ப அழகாக்கிவிடலாம் என்று வழிமொழிந்தார். ஆண்டவர் பட்ட பாடுகளின் ‘எதிர்மறைத் தோற்றம்’ நீக்கப்படும் என்று தீர்மானம் எழுதப்பட்டது. பங்குச் சாமியாருக்கு மட்டும் ஒரு சின்ன உறுத்தல்.

“உயிர்த்த பிறகும் ஆண்டவர் காயத்தோடதானே வந்தாரு? சந்தேகப்பட்ட தோமாவ காயத்துல விரல் வுட்டுப் பாக்கச் சொன்னாரே.”

“அப்ப கேமரா இல்ல சாமி,” என்றார் சகாயநாதன். “இருந்திருந்தா விரலுக்கு வேலையே இல்ல.”

இறையியலில் இதற்குப் பதில் கிடையாது. அதுவுமில்லாமல் சாமியார் அறையின் ஏ.சி. சகாயநாதன் வாங்கிக் கொடுத்தது. சாமியார் ஜெபம் சொல்லிக் கூட்டத்தை முடித்துவைத்தார்.

சுரூபம் கோபிநாத்திடம் போனது. ஜவுளிக்கடை பொம்மைகளுக்கு வர்ணம் அடிக்கிறவர், நல்ல கைக்காரர். விலாவில் இருக்கிற ஓட்டையை என்ன செய்வது என்று போனில் கேட்டார். “அடைச்சிடு,” என்றார் தலைவர். கால் ஓட்டை? அதையும்தான். முகம் கொஞ்சம் சோகமாக இருக்கிறதே? “லைட்டா சிரிக்க வை. ஓவரா வேணாம், செத்துருக்காரு இல்ல.”

சகாயநாதனுக்கு வீட்டிலும் ஓர் அழகுப் பிரச்சினை இருந்தது. அதற்குப் பெயர் அகஸ்டினா. இருபத்தைந்து வருஷமாக அவர் மனைவி. மகள் ஆஷ்லின் தொட்டில் குழந்தையாக இருந்தபோது சமையலறையில் சிலிண்டர் தீப்பிடித்தது. அகஸ்டினா குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நெருப்புக்குள் இருந்து வெளியே வந்தாள். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. அகஸ்டினாவுக்கு வலது கன்னம் சுருங்கியது, வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அன்றிலிருந்து குடும்ப போட்டோக்களை அவள்தான் எடுக்கிறாள்.

இப்போது ஆஷ்லினுக்கு ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பாதிப் பேர் பாரீஸில் உட்கார்ந்து நேரலையில் பார்ப்பார்கள். நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மணப்பெண் கோயில் படியேறும் முன் பெற்ற தாய் அவள் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்ப வேண்டும். கேமராக்காரர்களுக்கு உயிர் அந்த இடம்தான். சகாயநாதன் கலங்காமல் முடிவெடுத்தார்: தாய்க்குப் பதிலாகத் தன் தங்கை பிலோமினா போடுவாள். நல்ல நிறம், நல்ல கை.

அகஸ்டினா இதுவரை எதற்கும் எதிர்ப்பேச்சு பேசியவளில்லை. “வேற எதுவும் எனக்கு வேணாங்க,” என்றாள். “அந்தச் சிலுவைய மட்டும் நான் போட்டுட்டு ஓரமா போயிடறேன்.”

“ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். க்ளோஸப்ல கை பெருசா தெரியும்.”

மனைவியின் மனம் நோகக் கூடாது என்பதில் எவ்வளவு அக்கறை பாருங்கள்! பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. மணப்பெண்ணின் அபிப்பிராயம் கேட்பது நம் பங்கில் பழக்கமில்லை. பிலோமினா அத்தை ஒத்திகை பார்க்க வந்து நெற்றியில் கட்டை விரலை வைத்தபோதுதான் ஆஷ்லினுக்கு விஷயமே தெரிந்தது. அவள் அத்தையின் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டார் சகாயநாதன்.

பெரிய வெள்ளி வந்தது. புது ஆண்டவர் பட்டு மெத்தையில் படுத்திருந்தார். ரோஜா நிறக் கன்னம், வரைந்த புருவம், பாதம் இரண்டும் மெழுகு பூசிய மாதிரி பளபளவென்று. தள்ளுபடி விற்பனைக்கு ஜனங்களை வாங்க வாங்க என்று கூப்பிடுகிற முகம். பக்கத்தில் வெள்ளைத் துணியோடு நம் தலைவர் நின்றார். ஒவ்வொருவரும் முத்தி செய்த பிறகு அந்த இடத்தைத் துடைக்க வேண்டும்; அது தலைவருக்கு உரிய மரியாதை.

வரிசையில் முதல் ஆள் வைத்திக்குப்பத்து மீன்காரி கன்னியம்மாள். வேதக்காரி இல்லை, இந்து; ஆனாலும் வருஷம் தவறாமல் வருகிறவள். குனிந்தாள். குனிந்தவள் எழுந்திருக்கவில்லை. பாதத்தில் எதையோ தேடினாள், சுரூபத்தின் கையையும் தடவிப் பார்த்தாள்.

“காயம் எங்கய்யா?”

“ஆறிடுச்சிம்மா,” என்றார் சகாயநாதன், பொறுமையாக.

“எப்ப?”

“போன செவ்வாக்கெழம.”

“அப்ப எழுந்து வூட்டுக்குப் போவச் சொல்றது,” என்றாள் கன்னியம்மாள். “நல்லாருக்கற ஆளு ஏன் படுத்துனு கெடக்கணும்?” எங்கேயும் வாய் வைக்காமல் நகர்ந்துவிட்டாள்.

அடுத்தவர்களுக்கும் அதே தடுமாற்றம். குனிந்தார்கள், முழித்தார்கள். ஒருவர் முழங்காலில் முத்தி செய்தார். ஒருவர் மெத்தைக்கு முத்தி செய்தார். எங்கே வலித்தது என்று தெரியாத ஆண்டவரிடம் தங்கள் வலியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஜனங்களுக்குத் தெரியவில்லை. சகாயநாதன் எல்லா இடத்தையும் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆஷ்லின் வந்தாள். பின்னாலேயே அகஸ்டினா, முந்தானையால் கன்னத்தை மூடியபடி, கையைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டு. ஆஷ்லின் சுரூபத்தை ஒரு தரம் பார்த்தாள். குனியவில்லை. திரும்பி, புடவைக்குள்ளிருந்து தாயின் வலது கையை வெளியே எடுத்து, ஒட்டிப்போன அந்த விரல்களில் முத்தி செய்தாள். பிறகு அங்கேயே, கேமராவுக்கு நேராக, நெற்றியைக் காட்டினாள்.

“இப்பவே போடும்மா. புதன்கெழமயும் நீதான்.”

அகஸ்டினா போட்டாள். சிலுவை கோணலாகத்தான் விழுந்தது. கண்ணீர் கன்னத்தில் வழிய, முந்தானை நழுவியதை அவள் சரிசெய்துகொள்ளவில்லை. யூடியூபில் பாரீஸ் பார்த்துக்கொண்டிருந்தது.

சகாயநாதன் கடமை தவறாதவர். முத்தம் விழுந்த இடத்தைத் துடைத்துப் பழகிய கை. துணியோடு அகஸ்டினாவின் விரல்களை நோக்கி நீண்டது.

“தொடாதீங்க,” என்றாள் அகஸ்டினா. சத்தமாகக்கூட இல்லை, மைக்தான் பக்கத்தில் இருந்தது. “அன்னைக்கி புள்ளயத் தொடாம ஓடுனீங்களே, அதே மாதிரி இருங்க.”

சிலிண்டர் தீப்பிடித்த அன்று அந்த வீட்டிலிருந்து முதலில் தெருவுக்கு வந்தவர் சகாயநாதன்தான். அவர் உடம்பில் இன்றைக்கும் ஒரு கீறல் கிடையாது. அழகுபடுத்தும் குழுவுக்கு அவரைவிடத் தகுதியான தலைவர் நமக்கு எங்கே கிடைப்பார்?