லட்டுவுக்குப் பக்கத்தில் என் நாவல்

அம்மா ஆங்கில நாவல் வாசிக்கமாட்டார் என்ற தைரியத்தில் யாரும் நகைச்சுவை நாவல் எழுதக்கூடாது. அம்மா வாசிக்காவிட்டால் மாமியின் மகள் வாசிப்பாள்.

நாங்கள் குடியேறிய பிளாட் புஷ் என்ற புறநகரில் வளரும் ஒரு தமிழ்ப் பெண்ணின் பதின்ம வயது அவதிகள்தான் என் முதல் நாவல். பள்ளிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பதாக நூலகத்தில் சொன்னார்கள். எனக்கோ ஒரே ஒருவர் சிரிக்கவேண்டும் என்றுதான் ஏக்கம். அந்த ஒருவர், அம்மா, அட்டையில் என் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, புத்தகத்தைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். (பூவும் வைத்தார்.)

அதோடு விட்டாரா? பக்கத்து ஊரான தகனினியில் ஒரு மண்டபத்தில் மாமியின் மகள் தாரணிக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையானதற்கான கொண்டாட்டம். வந்தவர்களுக்குக் கொடுக்கும் பைகளில், என்னைக் கேளாமலே, லட்டுவோடு நாவலையும் போட்டுவிட்டார். நாவலின் முதல் அத்தியாயமே சாமத்திய வீடுதான். பல்லக்கில் வரும் பெண் மண்டப வாசலில் சிக்கிக்கொள்கிறாள். தாரணியும் அன்று பல்லக்கில்தான் வந்திருந்தாள்.

மேடையில் அலுத்துப்போயிருந்த தாரணி ஒரு பையைக் குடைந்து, புத்தகத்தை எடுத்துச் சிரிக்கத் தொடங்கினாள். எல்லோரும் சிரிக்கட்டுமே என்று மாமி மைக்கைக் கொடுத்தார். (விதி.) சிக்கிய பல்லக்கு, வீடியோக்காரருக்காகத் திரும்பத் திரும்ப ஆலாத்தி எடுக்கும் மாமி, எல்லாம் ஒலிபெருக்கியில் வந்தன. வடை கடித்த வாய்கள் அப்படியே நின்றன. ஓடிவிடலாம் என்று பார்த்தால் வாசலைப் பல்லக்கு மறித்துக்கொண்டு நின்றது.

தாரணி பக்கத்தைப் புரட்டினாள். அம்மாவின் பழைய காருக்கு வெட்கப்பட்டு, அந்தப் பெண் பள்ளிக்கு ஒரு தெரு முன்பாகவே இறங்குகிறாள். ஒருநாள் திரும்பிப் பார்த்தால், அம்மா ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதுகொண்டிருக்கிறார். வாசிக்க வாசிக்கத் தாரணிக்கே குரல் இறங்கிவிட்டது. அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத்தான் பஞ்சி, அலுப்பு; கேட்டால் விளங்கும்.

வீட்டுக்குப் போகும்போது அம்மாதான் காரை ஓட்டினார். சிவப்பு விளக்கில் கார் நின்றபோது கேட்டார்.

“நான் அழுததை நீ பாத்தனியோ?”

“ஓம் அம்மா.”

“பாத்திட்டு ஏன் திரும்பி வரேல்லை?”

அந்தத் தெருவுக்கு ஒருமுறை திரும்பிப்போய், காருக்குள் ஏறி அம்மாவுக்குப் பக்கத்தில் இருக்க மனம் இன்னும் ஏங்குகிறது.

இப்போதும் எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் பையை வாங்குகிறவர்கள், உள்ளே புத்தகம் இல்லைத்தானே என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் திறக்கிறார்கள். அம்மாவின் பகிடி வேறு. எங்கே போனாலும் காரை ஒரு தெரு முன்பாக நிறுத்திவிடுவார்.

“இறங்கு பிள்ளை, ஆரும் பாக்கமுன்னம்.”

நான் இறங்குவதில்லை. வாசல்வரை கொண்டுபோய் விடச் சொல்வேன்.