சுத்தப் பட்டுக்கு நான் கொடுத்த சான்று

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு பொய்ச் சான்றுதான் கொடுத்திருக்கிறேன். அதையும் யாருக்கும் தெரியாமல் கொடுக்கவில்லை. நாற்பது பெண்களுக்கு முன்னால், பட்டப்பகலில், உரத்த குரலில் கொடுத்தேன்.

இப்போது துணி வாங்கினால் கூடவே நாலு அட்டைகள் தொங்குகின்றன. இயற்கைப் பருத்தி என்று ஒன்று, தண்ணீரைக் கெடுக்காத சாயம் என்று ஒன்று, நெய்தவருக்கு நியாயமான கூலி என்று இன்னொன்று. என் மகள் ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு, "இதெல்லாம் நெசமாம்மா?" என்று கேட்கிறாள். யார் கொடுத்த அட்டை, அவர்களுக்கும் கடைக்கும் என்ன உறவு என்று முதலில் பார் என்பேன். சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்கால் பக்கத்துப் பூவத்திலிருந்து வரிச்சிக்குடிக்கு மருமகளாகப் போனபோது என்னிடம் அந்தக் கூச்சம் துளியும் இல்லை. மனையியல் பட்டம் வாங்கியிருந்தேன். அதிலும் துணிகளைப் பற்றிய பாடத்தில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண். ஆகையால் புகுந்த வீட்டில் எந்தத் துணியும் நிம்மதியாக இருக்க முடியவில்லை. என் கணவர் புது லுங்கி கட்டிக்கொண்டு வந்தால், ஈரக் கைக்குட்டையால் அதைத் தேய்த்துச் சாயம் ஓடுகிறதா என்று பார்ப்பேன். (ஓடியது. கட்டியிருந்தவரும் ஓடினார்.) அவருடைய சட்டைத்துணியின் கரையில் 'சுருங்காது' என்று அச்சடித்திருந்தது. சும்மா நம்பிவிட முடியுமா? நடுவில் ஒரு சாண் சதுரம் வெட்டி எடுத்து, ஊறவைத்து, உலர்த்தி, அளந்து பார்த்தேன். துணி சுருங்கவில்லை. முழுக்கையாகத் தைக்க இருந்த சட்டைதான் அரைக்கையாகச் சுருங்கியது.

என் மாமியார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். நான் வந்த இரண்டாவது வாரம் தன் புடவைகளை எல்லாம் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அவ்வளவுதான்.

பக்கத்து ஊரான கோட்டுச்சேரியின் மாதர் சங்கத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். 'துணி வாங்கி ஏமாறாமல் இருப்பது எப்படி' என்பது தலைப்பு. உடனே அப்பாவுக்குக் கார்டு போட்டேன்.

அப்பாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் காரைக்கால் முனிசிபாலிட்டியில் வேலை பார்த்தவர். பிரெஞ்சுக்காரன் காலத்து வழக்கப்படி அதை 'மேரி' என்றே சொல்வார். பிறப்பு, இறப்பு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் காகிதத்தில் முத்திரை குத்துவதுதான் அவர் வேலை. அதனால் உலகத்தில் வட்ட முத்திரை விழுந்த எதுவும் பொய்யாக இருக்காது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அம்மா இல்லாத வீடு என்பதால் என் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கவும் அவரேதான் போனார். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டார் எடுத்தது. மறுநாள் கட்டிக்கொள்ள அப்பா எடுத்தது ஒரு மாம்பழ நிறப் பட்டு. ஊர் ஊராகக் கண்காட்சி போடும் ஒரு வெளியூர்க்காரனிடம் வாங்கியது. கூடவே தங்க நிற எழுத்தில் ஓர் அட்டை: 'சுத்தப் பட்டு, உத்தரவாதம்.' கீழே வட்ட முத்திரை. புடவையை ஒரு கையாலும் அட்டையை இரண்டு கையாலும் கொடுத்தார் என்று சொன்னால் கணக்கு இடிக்கும். ஆனால் அப்படித்தான் கொடுத்தார். நான் படித்து முடித்ததும், பத்திரமாக இருக்கட்டும் என்று அட்டையை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டார்.

வீட்டில் இருந்த எல்லாத் துணியையும் பாடாய்ப் படுத்திய நான், அந்தப் புடவையை மட்டும் சோதித்துப் பார்க்கவே இல்லை. அப்பா எடுத்ததாயிற்றே.

கூட்டத்துக்கு அதையே கட்டிக்கொண்டு போனேன். முன்வரிசையில் அத்தை. கடைசி வரிசையில், அத்தனை பெண்களுக்கு நடுவே ஒரே ஆணாக, குடையை மடியில் வைத்துக்கொண்டு அப்பா. நான் மேசைமேல் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றிவைத்து ஆரம்பித்தேன்.

"அட்டையை நம்பாதீங்க, முத்திரையை நம்பாதீங்க. அவனே குத்தி அவனே குடுக்குற முத்திரை அது. நூலைக் கேளுங்க, அது உண்மையைச் சொல்லும்!"

கைதட்டல். (அத்தை தட்டவில்லை. அப்பா பலமாகத் தட்டினார்.)

முதலில் ஒரு பருத்தி நூலைக் கொளுத்தினேன். காகிதம் எரியும் வாசனை. அடுத்து, கூட்டத்திலிருந்த ஜுலைஹா அக்கா தன் நைலான் சேலையிலிருந்து ஒரு நூல் உருவிக் கொடுத்தார். அவர் கணவர் குவைத்திலிருந்து அனுப்பிய சேலை. 'மேட் இன் ஜப்பான்' ஸ்டிக்கரைக்கூடப் பிரிக்காமல், அது தோளில் தெரிகிற மாதிரி கட்டியிருந்தார். நூல் உருகிச் சுருண்டு கெட்டியான உருண்டையானது.

"ஜப்பான்காரன் ஏமாத்தலல்ல?" என்றார் கவலையாக.

"இல்லக்கா, சுத்த நைலான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று ஸ்டிக்கரைத் தடவிக்கொண்டார்.

கடைசியாகப் பட்டு. "பட்டு பூச்சிகிட்டேருந்து வருது. அதனால கொளுத்தினா முடி கருகுற நாத்தம் வரும்" என்று சொல்லிவிட்டு, கல்லூரியிலிருந்து கொண்டுவந்திருந்த மாதிரித் துண்டை எடுத்தேன்.

ஜுலைஹா அக்கா விடவில்லை. "அது நீங்களே கொண்டாந்த துண்டு, பட்டாத்தான் இருக்கும். கட்டியிருக்கீங்களே, அதுலேருந்து ஒரு நூலு எடுத்துக் கொளுத்துங்க, பாப்போம்."

"தாராளமா!" என்றேன். அந்தத் தாராளத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. முந்தானைக் குஞ்சத்திலிருந்து நாலு நூலைப் பிய்த்து, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டி, சுடரில் நீட்டினேன்.

பொசுக்கென்று எரிந்து போயிற்று. காகித வாசனை.

இன்னும் நாலு நூல். மறுபடியும் காகிதம். மேரியில் பழைய பதிவேடுகளைக் கொளுத்தினால் இப்படித்தான் மணக்கும். செயற்கைப் பட்டு. மரக்கூழிலிருந்து செய்கிறார்களே, அது. அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித்தான் நான் முதல் மதிப்பெண் வாங்கியிருந்தேன்.

கூட்டம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு காத்திருந்தது. அப்போது கடைசி வரிசையில் அப்பா எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். அந்த அட்டை. தங்க எழுத்து அவ்வளவு தூரத்திலும் மின்னியது.

"என்னம்மா, வருதா?" என்று கேட்டார். குரல் வழக்கம்போல இல்லை.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் என் பேச்சைக் கேட்க வரவில்லை. யாரோ எதையோ சொல்லி அவர் மனதில் ஒரு சந்தேகம் விழுந்திருக்கிறது. அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் பூவத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கிறார்.

"தள்ளுங்க, எனக்கு வாசனை ஒண்ணும் தெரியல" என்று ஒரு குரல். அத்தை முன்வரிசையிலிருந்து எழுந்து, கொண்டையைச் சரிசெய்துகொண்டே மேசையருகே வந்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று, என் முந்தானையைப் பிடித்தார். அவர் முகம் ஒரு கணம் சுளித்ததை நான் மட்டும்தான் பார்த்தேன். அடுத்த கணம் அவர் கை சுடருக்கு மேலே போனது.

எழுந்ததே ஒரு நாற்றம்! ஒரு முடி போதும். அத்தை பதற்றத்தில் தன் கொண்டையிலிருந்து ஒரு கொத்தே பிடுங்கிவிட்டார். முன்வரிசை இருமியது. யாரோ ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார்கள்.

"ஐயே! முடியேதான்! மூக்கைத் துளைக்குது!" என்றார் அத்தை.

"மண்டையே கருகுற மாதிரில்ல வருது" என்று ஜுலைஹா அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பட்டம் வாங்கியவள் நான்தானே. அப்பாவைப் பார்த்தேன். "சுத்தப் பட்டு" என்றேன்.

அப்பா உட்கார்ந்தார். அட்டையை மடிப்புக் குலையாமல் மறுபடியும் பையில் வைத்துக்கொண்டார்.

கூட்டம் முடிந்து அவரைப் பஸ் ஏற்றிவிட்டு, நானும் அத்தையும் வரிச்சிக்குடிக்கு நடந்தோம். வயல் நடுவே பாதி தூரம் வந்ததும் கேட்டேன்.

"அத்தை, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கல்யாணத்துக்கு மறுநாளே தொட்டுப் பாத்தேன். ஈரத் துண்டாட்டம் ஜில்லுன்னு வழுக்கிச்சு. பட்டா அது?"

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"யாருகிட்ட? பொண்டாட்டி இல்லாத மனுசன், தனியாப் போயி பொம்பளைங்க கூட்டத்துல நின்னு எடுத்துக்கிட்டு வந்திருக்காரு. அவருகிட்டயா?" கொஞ்ச தூரம் நடந்துவிட்டுச் சொன்னார்: "இனிமே கொளுத்துறதா இருந்தா வேற எதையாவது கொளுத்தும்மா. எந்தலையில இருக்கறதே நாலு முடி."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். பட்டு அல்ல என்பதால் அந்த முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தயக்கமே வரவில்லை.

விஷயம் இதோடு முடியவில்லை. நான் கொடுத்த சான்றினால் அப்பாவுக்குப் புதுத் தெம்பு வந்துவிட்டது. "என் பொண்ணே கொளுத்திப் பாத்துச் சொல்லிட்டா" என்று பூவம் முழுக்கச் சொன்னார். அடுத்த தீபாவளிக்கு அதே கண்காட்சிக்காரனைத் தேடிப் பிடித்து, கத்தரிப்பூ நிறத்தில் இன்னொன்று வாங்கி வந்தார். அட்டை, முத்திரை எல்லாம் அப்படியே. "சம்பந்தியம்மாவுக்கு" என்று நீட்டினார்.

அத்தை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு புடவையைத் தடவி, "அருமையான பட்டுங்க" என்றார். டிரங்குப் பெட்டியில் நிஜமான பட்டு மூன்று இருக்க, அப்பா வருகிற ஒவ்வொரு விசேஷத்துக்கும் அந்தக் கத்தரிப்பூவைத்தான் கட்டினார். அப்பா காலமான பிறகும் அதை யாருக்கும் கொடுக்கவில்லை.

என் கணவருக்கு இந்தக் கதையை அத்தையே சொன்னார், பிடுங்கிய இடத்தைத் தொட்டுக்காட்டி. அவரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போயிற்று, பிள்ளைகளிடமிருந்து பேரப்பிள்ளைகளுக்கு. இப்போது எங்கள் வீட்டில் யாராவது என் சாம்பாரை அளவுக்கு மீறிப் புகழ்ந்தால் போதும். என் மகள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அவர்கள் தலையை உற்றுப் பார்த்துக் கேட்பாள்: "எத்தனை முடி போச்சு?"